எட்டாம் நம்பர் சட்டையும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும்

எங்கள் கோவிலில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பூசை முடியப்போகிற நேரம். ஃபாதர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கலியாண அறிவித்தல் இருக்கிறது என்றார். வழக்கமாக அந்த நேரத்தில் பின்வரிசை வாங்குகளில் கார்த் திறப்புகள், சாவிகள்தான், கிலுங்கத் தொடங்கும். பார்க்கிங்கிலிருந்து முதலில் வெளிக்கிட வேண்டும் என்பது எங்கள் சனத்தின் பதினோராவது கட்டளை. அன்று ஒரு திறப்பும் கிலுங்கவில்லை.

மணமகள், சிலுவைத்துறை இமானுவேலின் மகள் ஷெரின். அது என் அக்கா. மணமகன், குரோஷியா நாட்டைச் சேர்ந்த யோசிப். இவர்களுடைய கலியாணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் அறியத்தர வேண்டும். இது முதலாம் தரம்.

எனக்குப் பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல்கள். வலது கணுக்கால் முறிந்து, பிளாஸ்டிக் சப்பாத்து ஒன்றுக்குள் வேர்த்துக்கொண்டிருந்தது. கோடை வெக்கை, மெழுகுதிரி வாசம், முன்வாங்கு அன்ரியின் மல்லிகைப்பூ, எல்லாம் சேர்ந்து தலை சுற்றியது. எங்கள் பந்தடி ரீம் முழுக்க இரண்டு வரிசையில் நெருக்கிக்கொண்டு இருந்தது. அவங்கள் நத்தார்ப் பண்டிகைக்கே ஒழுங்காகக் கோவிலுக்கு வராத ஆக்கள்.

அப்பா பீடத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. நடைபாதைக்கு அந்தப் பக்கம் மரியதாஸ் அண்ணை, சங்குமுனை ரீமின் மனேஜர், அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கள்ளனைப் பிடித்த பொலிஸ்காரன் பார்வை.

காரணம் இருந்தது. அந்தக் கலியாண அறிவித்தல் ஒரு ஃபைனல் மட்ச்சுக்காக வாசிக்கப்பட்டது. கோவிலில் இருந்த அவ்வளவு பேருக்கும் அது தெரியும்.

ஊர்க் கப்

போன கிழமை இந்தப் பத்தியில் வந்த என் கார்ப் பனி தோண்டின கதையை வாசித்துவிட்டு, 'தம்பி, விசயத்துக்கு வாரும்' என்று ஒரு அங்கிள் எழுதியிருந்தார். அங்கிள், விசயம் இந்த வழியால்தான் போகும். பொறுங்கோ.

மொன்றியாலில் ஒவ்வொரு கோடையும் எங்கள் ஆக்கள் ஒரு உதைபந்துச் சுற்றுப்போட்டி வைப்பார்கள். ஊருக்கு ஒரு ரீம். எல்லாம் ஊரில் கடலோரமாக இருந்த கத்தோலிக்கக் கிராமங்கள். எங்கள் ரீம் சிலுவைத்துறை. நான் பிறந்தது கோட்-டெ-நெய்ஜில், வளர்ந்தது டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். சிலுவைத்துறையை ஃபோனில் மேலிருந்து எடுத்த படமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு கோவில் கூரை, கொஞ்ச மணல், மிச்சம் கடல். ஆனால் அந்த ஊருக்காகக் கணுக்காலை முறித்திருக்கிறேன். மைதானத்தில் எங்களில் பாதிப் பேர் ஃப்ரெஞ்சில் கத்துவார்கள், மிச்சப் பேர் இங்கிலிஷில். தமிழில் கத்துவது ஒரு சொல்லுத்தான். 'ஆள்!' முதுகுக்குப் பின்னால் எதிரி வருகிறான் என்று அர்த்தம்.

யார் ஆடலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. ஊரில் பிறந்தவன், ஊராருடைய பிள்ளை, இல்லாவிட்டால் ஊருக்கு மருமகன். இந்த மருமகன் சட்டத்தால் போன வருசங்களில் எத்தனையோ அடிபாடு. மனைவியின் தாயின் ஊருக்கு ஆடலாமா, விவாகரத்து எடுத்தவன் ஆடலாமா என்றெல்லாம் கொமிட்டி ரோல்ஸும் தேத்தண்ணியும் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக விவாதித்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் கெட்டது.

அந்தக் கோடை, அரையிறுதியில் எங்களை வெல்லவைத்தது நான்தான். சொல்லாமல் இருக்க ஏலாது. கடைசிப் பாஸ் என்னுடையது. பாஸ் கொடுத்த அதே நொடியில் ஒருத்தன் சறுக்கிக்கொண்டு வந்தான். உலர்ந்த பாண் முறிவதுபோல ஒரு சத்தம். ஃபைனலுக்கு மூன்று ஞாயிறு இருந்தது. எட்டாம் நம்பர் சட்டைக்கு ஆள் இல்லை.

எதிர் ரீம் சங்குமுனை. மரியதாஸ் அண்ணை ஆஸ்பத்திரிக்கே ஒரேஞ் பழத்தோடு வந்து என்னைப் பார்த்தார். அவ்வளவு சந்தோசம் அவருக்கு.

கல்லு மைதானம்

இனி யோசிப். அத்தானை 'அவன்' என்று எழுதினால் அம்மா சண்டைக்கு வருவா. ஆகவே அவர்.

அவர் பிறந்தது அத்ரியாட்டிக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். கல்லு வீடு, கல்லு ஒழுங்கை. மைதானத்தையும் பாறையைச் செதுக்கித்தான் எடுத்திருந்தார்களாம். மதிலுக்கு மேலால் அடித்தால் பந்து கடலுக்குள் விழும். விழுத்தினவன் நீந்திப்போய் எடுக்க வேண்டும். மாசி மாதக் குளிரிலும் அதுதான் சட்டம். அதனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பந்தைப் புல்லோடு ஒட்டித்தான் அடிப்பார்கள். யோசிப்பின் பாஸ் இன்றைக்கும் அப்படித்தான் வரும். தரையை அயன் பண்ணிக்கொண்டு வரும்.

இன்னொரு பழக்கம். பந்து வர முதல் இரண்டு தோளுக்கு மேலாலும் திரும்பிப் பார்ப்பார், வீதி கடக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைபோல. பந்து காலுக்கு வந்து சேரும்போது மைதானத்தில் யார் எங்கே நிற்கிறான் என்று அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் குசினியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நடக்கும்போதும் அதே திரும்பல்தான். ஒருநாளும் ஒருத்தரோடும் முட்டினதில்லை. எங்கள் குசினியில் அது ஒரு சாதனை.

பெரிய நகரத்துக் கிளப் ஒன்று அவரைப் பொடியனாக இருக்கும்போதே எடுத்தது. முதல் ரீமில் இடம் கிடைத்தது எப்படியென்றால், மிட்ஃபீல்டில் ஆடிய பெரிய ஆட்டக்காரர் ஒருவருக்குப் பயிற்சியில் கால் முறிந்தது. யோசிப் அரை சீசன் ஆடினார். பேப்பரில் படம் வந்தது. நாட்டின் இளையோர் ரீமுக்கும் கூப்பிட்டார்கள். சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சட்டை. அதற்கு மேல் ஜக்கெற் போட்டு வாங்கில் இருந்தார். மழை. கோச் வாங்கைத் திரும்பிப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவனை எழும்பச் சொன்னார். அந்த ஜக்கெற்றின் சிப்பை அன்று திறக்கவேயில்லை என்று யோசிப் சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

பிறகு அந்தப் பெரிய ஆட்டக்காரரின் கால் சுகமானது. யோசிப் சட்டையைத் தோய்த்து, மடித்து, திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அதே கதை வேறு வேறு நாடுகளில். குரோஷியாவின் சமவெளியில் இரண்டாம் பிரிவுக் கிளப் ஒன்று. கோல் கம்பத்துக்குப் பின்னால் பிளம்ஸ் தோட்டம், இலையுதிர் காலத்தில் விழுந்த பழம் புளித்து மைதானம் முழுக்கச் சாராய வாசம். பிறகு ஸ்லோவேனியா. பிறகு சைப்ரஸ், வெயிலில் பந்தே சுடுமாம். பிறகு ஃபின்லாந்து. அங்கே சனம் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு கைதட்டும். சத்தமே வராது. கோல் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஊமைப்படம் மாதிரி இருக்குமாம்.

ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருத்தனுக்குக் கால் போயிருக்கும். அவசரமாக ஒரு மிட்ஃபீல்டர் தேவைப்படும். யோசிப் போவார், ஆடுவார், நன்றாகவே ஆடுவார். கால் போனவன் திரும்பி வருவான். சட்டை திரும்பிப் போகும். 'உன் முதுகுக்குப் பின்னால் ஆள்' என்பதற்கு எத்தனையோ பாசையில் அவருக்குச் சொல்லுத் தெரியும். அந்தப் பாசைகளில் சுகம் விசாரிக்கத் தெரியாது. அதற்கிடையில் வெளிக்கிட்டுவிடுவார்.

கடைசியாகக் கியூபெக். இங்கே ஒரு கிளப்பில் ஆடும்போது இந்த முறை போனது அவருடைய சொந்த முழங்கால். இடது.

முழங்காலைப் பார்த்த பெண்

அக்காவுக்குக் கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுக்கிற வேலை. அவரைக் காதலிக்க முதல் அவருடைய முழங்காலின் உட்புறத்தைப் பார்த்தவ. உலகத்தில் வேறு எந்தப் பெண்ணும் இப்படித் தொடங்கியிருக்க மாட்டாள்.

ஸ்கான் முடிந்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். டொக்ரர் சொல்லுவார் என்று அக்கா சொன்னா. அதுதான் சட்டம். மாசக்கணக்குக்குப் பிறகு, தை மாதக் குளிரில், பஸ் தரிப்பில் அவரே அக்காவை அடையாளம் கண்டு, இப்போதாவது சொல்லலாமா என்று கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து டெப்பனூரில், மூலைக்கடைதான், கடதாசிக் கோப்பையில் கோப்பி. பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. அக்கா பஸ்ஸைத் தவறவிடுகிற ஆள் இல்லை.

அப்பாவிடம் சொன்னபோது அப்பா கேட்டது ஒரே கேள்வி. என்ன வேலை. பந்தடிச்சவர், இப்போது டோர்வல் ஏர்போர்ட்டில் பொதி இழுக்கிற வண்டி ஓட்டுகிறார், சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறார் என்றா அக்கா.

"பந்தடிக்கிறவனுக்கோ பொம்பிளை குடுக்கிறது?" என்றார் அப்பா.

இதைச் சொன்ன மனுசன் யார்? சிலுவைத்துறை ரீமின் தலைவர். மழை பெய்தால் எங்களுக்குக் குடை பிடிக்க மறந்து, கோல் கம்பத்து வலைக்குத் தறப்பாள் போட ஓடுகிறவர். சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் நகர்த்தி ஓஃப்சைட் விளங்கப்படுத்துகிறவர். பந்தடியில் கிறுக்கு இருக்கலாம், பந்தடிக்கிறவன் வீட்டுக்குள் வரக்கூடாது. எங்கள் ஆக்களின் லொஜிக் இது. விளங்கப்படுத்தக் கேட்காதையுங்கோ.

இதில் பகிடி என்னவென்றால், அப்பாவுக்கும் டோர்வலில்தான் வேலை. விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற லொறி. யோசிப்பின் வண்டி எதிரே வந்தால் அப்பா வானத்தைப் பார்ப்பாராம். யோசிப் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கிக் காட்டுவாராம். ஒரு வருசத்துக்கு மேல் இது நடந்தது. வீட்டில் அவருக்குப் பேரே கிடையாது. 'அவன்'. கூடிப்போனால் 'அந்தக் குரோஷியாக்காரன்'.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. யோசிப்பின் ஞானஸ்நானப் பத்திரத்தை அவருடைய அம்மாவிடமிருந்து எடுப்பித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் பொறுத்திருந்தா. அப்பா ஓம், சரி என்று சொல்லாமல் கோவில் ஏற மாட்டேன் என்பது அவவின் பிடிவாதம். ஓம் சொல்லமாட்டேன் என்பது அப்பாவின் பிடிவாதம். ஒரே இரத்தம்.

அப்பாவின் ஓம்

என் கால் முறிந்த அடுத்த நாள் காலை. அம்மா பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருந்தா. அப்பா தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவனை வாற ஞாயிறு பூசைக்கு வரச்சொல்லு. ஃபாதரோட நான் கதைக்கிறன்."

அம்மாவின் கத்தி நின்றது. நான் என் காலைப் பார்த்தேன். அக்கா என் காலைப் பார்த்தா. மூன்று ஞாயிறு. கலியாண அறிவித்தல் வாசிக்கிறதும் மூன்று ஞாயிறு. சைவ சமய வாசகர்களுக்கு: எங்களில் கலியாணத்துக்கு முதல் மூன்று ஞாயிறு பூசையில் பேர் வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கோ என்று கேட்பார்கள். மூன்றாம் தரமும் ஒருத்தரும் வாய் திறக்காவிட்டால் விசயம் முடிந்த மாதிரி. மூன்றாவது ஞாயிறு காலை பூசை. பின்னேரம் ஃபைனல்.

"அப்பா, இவன்ர கால் முறியாட்டி இதைச் சொல்லியிருப்பியளோ?" என்று அக்கா கேட்டா.

அப்பா ஒரு மிடறு குடித்தார்.

"தெரியேல்லை," என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா எழும்பி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினா. ஒரு மிட்ஃபீல்டருக்காக அவவைக் கட்டிக்கொடுக்கிறார்கள். ஃபைனல் தோற்றால் என்ன நடக்கும்? அப்பா மறுபடியும் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவாரா? அக்காவைத் தின்றது அந்தக் கேள்விதான்.

யோசிப் அன்று பின்னேரம் என்னைப் பார்க்க வந்தார். என் பிளாஸ்டிக் சப்பாத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதன்முறையாகக் கால் முறிந்தவனையே நேரில் சந்திக்கிறேன், வழக்கமாக நான் வர முதல் அவனை அனுப்பிவிடுவார்கள் என்றார். அக்கா சிரிக்கவில்லை. இப்படி வேண்டாம் என்றா. இது உன்னைக் கேட்கவில்லை, உன் காலைக் கேட்கிறது.

யோசிப் என் சப்பாத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு, எனக்கு எல்லா இடத்திலும் கதவு இப்படித்தான் திறந்தது, உள்ளே போன பிறகு ஆடினது மட்டும்தான் என்னுடையது என்றார்.

அக்கா சம்மதித்தா. ஒரு நிபந்தனை. பாதி ஆட்டம் மட்டும். அந்த முழங்காலுக்குள் என்ன இருக்கிறது என்று இந்த வீட்டில் பார்த்தது நான் ஒருத்திதான், முதல் பாதி முடிய வெளியே எடுக்க வேணும் என்றா. அப்பா தலையாட்டினார்.

தடை

இனி அந்த முதல் ஞாயிறு. அமைதி. அப்பாவின் காது.

பூசை முடிந்த கையோடு மரியதாஸ் அண்ணை உள்ளே போய் ஃபாதரைப் பிடித்தார். தடை இருக்கிறது என்றார். என்ன தடை என்று ஃபாதர் பயந்துபோய்க் கேட்டார். மாப்பிள்ளை தொழில்முறை ஆட்டக்காரன் என்றார் மரியதாஸ் அண்ணை. திருச்சபைச் சட்டத்தில் அப்படியொரு தடை இல்லை என்று ஃபாதர் சொல்ல, "அப்ப எழுதிச் சேருங்கோ சுவாமி" என்றாராம்.

அடுத்தது கொமிட்டி. கோவிலில் பேர் வாசிக்கப்பட்டவன் மருமகனா, தாலி கட்டினவன்தான் மருமகனா? ரோல்ஸ் தீர்ந்து பற்றிஸ் வந்தது. கடைசியில் தீர்ப்பு: மூன்றாம் தரமும் வாசித்து ஒருத்தரும் தடை சொல்லாவிட்டால் மருமகன்தான்.

மூன்றாவது ஞாயிறு ஃபாதர் கேட்டுவிட்டு வழக்கத்தைவிட நீளமாகச் சனத்தைப் பார்த்தார். மரியதாஸ் அண்ணை எழும்பினார். கோவிலே மூச்சைப் பிடித்தது. அவர் தும்மிவிட்டுத் திரும்பவும் வாங்கில் இருந்தார்.

முதல் பாதி

மைதானத்தில் கருகின இறைச்சி மணமும் புல் வெட்டின மணமும். அம்மா என் எட்டாம் நம்பர் சட்டையைத் தோய்த்து அயன் பண்ணி யோசிப்பிடம் கொடுத்தா. எனக்கு அளவு. அவருக்கு வயிறு தெரிந்தது. சங்குமுனைப் பக்கமிருந்து ஒரு குரல், "மாப்பிள்ளை, சட்டை சீதனமோ?" என்றது. எங்கள் பக்கமும் சிரித்தது.

பிறகு பந்து உருண்டது. சிரிப்பு நின்றது.

நான் அவரை முழு ஆட்டத்தில் அதற்கு முதல் பார்த்ததில்லை. என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு, வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் நான் அவ்வளவு காலமும் அந்த இடத்தில் நின்று ஓடினேன், அவர் அந்த இடத்தில் நின்று யோசித்தார். ஓடவேயில்லை. இந்தத் தோள், அந்தத் தோள், பந்து வந்தது, போனது. எங்கள் பொடியங்கள் எல்லாரும் திடீரென்று நல்ல ஆட்டக்காரர் ஆகிவிட்டார்கள். பந்து அவங்கள் நிற்கிற இடத்துக்கு வரவில்லை, நிற்க வேண்டிய இடத்துக்கு வந்தது. கெவின் என்று ஒருத்தன், எங்கள் முன்வரிசை, அவன் வாழ்க்கையில் முதன்முறையாகச் சரியான இடத்துக்கு ஓடினான். தரையை அயன் பண்ணிக்கொண்டு பாஸ் வந்தது. கோல்.

யோசிப் "ஆள்!" என்று கத்தினபோது எங்கள் வயசான அங்கிள்மார் கைதட்டினார்கள். கையுறை போடாத கைகள். சத்தம் நன்றாகக் கேட்டது. அவர் ஒருக்கால் திரும்பிப் பார்த்தார்.

இடைவேளை. அப்பா வாக்கைக் காப்பாற்றினார். யோசிப் வெளியே வந்து என் பக்கத்தில், வாங்கில். அக்கா ஐஸ் பெட்டியை அவர் காலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் பின்னால் போய் நின்றா.

இரண்டாம் பாதியில் சங்குமுனை ஒன்று போட்டது. பிறகு இன்னொன்று.

ஃப்ரீ கிக்

எங்கள் கப்பில் வெளியே போனவன் திரும்ப உள்ளே வரலாம். அது எல்லாருக்கும் தெரியும். கொஞ்ச நேரம்தான் மிச்சம். யோசிப் எழும்பி, சப்பாத்துக் கயிறை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அப்பாவைப் பார்த்தார். அப்பா திரும்பி அக்காவைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. தலையாட்டினார்.

அக்கா கையைக் கட்டினா.

உள்ளே போன உடனேயே இரண்டு பேரைத் தாண்டினார். மூன்றாவது ஆள் வந்து மோத விழுந்தார். பெட்டிக்கு வெளியே, நடுவாக. ஃப்ரீ கிக். எங்கள் பக்கம் எழும்பி நின்று ஆர்ப்பரித்தது. அந்த இடத்திலிருந்து அவர் தவறவிட மாட்டார், பயிற்சியில் பார்த்திருக்கிறோம்.

யோசிப் எழும்பினார். எழும்பின விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கையை நிலத்தில் ஊன்றி, வலது காலால் மட்டும் எழும்பினார். பந்தை எடுத்து வைத்தார். பின்னால் நடந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அப்பா திரும்பினார். அக்கா மைதானத்தைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தா. மூன்று கிழமையாக மனதுக்குள் வைத்திருந்த கேள்வி முகத்தில் அப்படியே இருந்தது.

"தம்பி," என்று அப்பா கூப்பிட்டார்.

என்னையாக்கும் என்று நிமிர்ந்தேன். என்னை அவர் 'டேய்' என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, காணும், போதும். வா."

யோசிப் ஒரு விரலைக் காட்டினார். ஒரே ஒரு அடி. பின்னால் ஒரு அங்கிள், "இமானுவேல், விசரே, நிண்ட இடத்தில நிண்டு அடிக்கப்போறான், விடு" என்று கத்தினார்.

அப்பா அவருக்குத்தான் பதில் சொன்னார், யோசிப்பைப் பார்த்துக்கொண்டே. "வலதாலதான் அடிப்பான். உடம்பு முழுக்கத் தாங்கிறது இடது. எனக்கும் பந்து தெரியும்."

சொல்லிவிட்டு நடந்தார். கோவிலுக்குப் போட்ட களிசானோடு, மைதானத்துக்குள். றெஃப்ரீ ஒரு ஹெயிட்டிக்காரர், ஃப்ரெஞ்சில் ஏதோ கத்திக்கொண்டு ஓடிவந்து அப்பாவுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். அப்பா அட்டையைப் பார்த்து "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு, யோசிப்பின் கக்கத்துக்குள் தோளைக் கொடுத்தார். இரண்டு பேரும் மெதுவாக வந்தார்கள். சங்குமுனை கைதட்டியது. வேறென்ன செய்யும்? வென்ற மாதிரித்தானே.

ஃப்ரீ கிக்கைக் கெவின் அடித்தான். பந்து மேப்பிள் மரத்துக்கு மேலால் பார்க்கிங்குக்குப் போனது. எங்கேயோ ஒரு கார் அலறத் தொடங்கியது. விசில்.

வாங்கில் ஒரே ஐஸ் பெட்டியில் அவருடைய இடது காலும் என் வலது காலும். அப்பா புல்லில் முழங்காலை ஊன்றி யோசிப்பின் சப்பாத்துக் கயிறை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகியிருந்தது. அக்கா வந்து பக்கத்தில் குந்தினா. அப்பா கையை எடுக்க, அவ அவிழ்த்தா.

சைப்ரஸில் ஊசி போட்டு ஆடவிட்டார்கள் என்று யோசிப் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். வேறு இடத்தில் துணியால் இறுக்கிக் கட்டி விட்டார்கள். கோல் தேவைப்பட்ட நேரத்தில் என்னை யாரும் வெளியே எடுத்ததில்லை என்றார். தண்ணிப் போத்தலை எடுத்து முகத்தில் ஊற்றிக்கொண்டார். நல்ல காலம், போத்தலில் தண்ணி நிறைய இருந்தது.

மரியதாஸ் அண்ணை கப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். உண்மையாகவே அனுதாபம்.

"கப்பை விட்டிட்டியே இமானுவேல்."

"கப் வருசா வருசம் வைப்பாங்கள்," என்றார் அப்பா. நிமிரவில்லை. "கலியாணம் ஐப்பசியில. மாப்பிள்ளை நடந்து வரவேணும். நீயும் வா."

சட்டை

ஐப்பசியில் நடந்துதான் வந்தார். கொஞ்சம் சாய்ந்து. கோவில் வாசலில் இரண்டு தோளுக்கு மேலாலும் ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பின்னால் ஒருத்தரும் வரவில்லை, நான்தான் நின்றேன்.

இந்த வருசம் பனி கரைந்து பயிற்சி தொடங்க முதல் நாள் அத்தான் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கடதாசிப் பை. உள்ளே எட்டாம் நம்பர் சட்டை. தோய்த்து, மடித்து, சவர்க்கார வாசத்தோடு. என் கால் சுகமாகிவிட்டதே. வாழ்நாள் முழுக்கச் செய்ததை இங்கேயும் செய்ய வந்திருந்தார். பையை எனக்கு நீட்டினார். நான் வாங்கக் கையை நீட்டிவிட்டேன், மறைப்பானேன்.

அப்பா உப்புப் போத்தலை மேசையில் வைத்தார்.

"அது தம்பிக்குத்தான். உள்ள வைச்சிருக்கட்டும்," என்றார். "டேய், உனக்குப் பதினெட்டாம் நம்பர் சட்டை அடிக்கக் குடுத்தாச்சு."